எது முதலில் வேண்டும்?

(பெற்றோர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிக்கு வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று யார் முடிவு செய்வது? அதுபற்றியே பேச வந்துள்ளேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், சரிபாதியினர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், வந்த நல்கை எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் கடமை. அத்திட்டமே அரசின் நல்கைக்கு அடிப்படையாக வேண்டும் என்பது 22-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் 20 உறுப்பினரோடு புதிதாக அமைக்கப்பெற்றன; தலைமை ஒரு தாய்க்கு. எழுத்தில் குறையொன்றும் இல்லை.

நடைமுறை யாது? கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். கூலி வேலைக்குச் செல்லும் தாய் அரைநாள் கூலியை இழந்துதான் வரவேண்டும். வந்தவர்முன் முன்னரே எழுதி முடித்த பட்டியலை நீட்டிக் கையொப்பம் கேட்பர். எங்கள் பள்ளியிலும் அதுவே நடந்தது. நூற்றுக்கு மேல் இருநூற்றைம்பது வரை மாணாக்கர் பயிலும் பள்ளிக்கு ஆண்டு நல்கை 50,000 உருபா. அதில் பெரும்பங்கு முகப்புச் சுவருக்கு வண்ணம் பூசுவதில் போயிற்று. அப்பட்டியலில் நானும் கையொப்பமிட்டேன். அதனை இங்கே மறைக்க மாட்டேன்.

அன்று ஒரு தாய் மட்டும் எழுந்தார். “ஐயா, சுவரு நல்லாத்தான் இருக்கு. எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லைங்க. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்” என்றார். யாரும் விடையிறுக்கவில்லை. தாழ்ப்பாளின் விலை என்ன? ஒரு வாளி வண்ணத்தின் விலையில் எத்தனை தாழ்ப்பாள் வாங்கலாம்? எண்ணிப் பாருங்கள்!

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை அவை. அது பார்ப்பனர் ஊர். நிலமும் மறைக்கல்வியும் உடையாருக்கே குடவோலையில் இடம். பெண்டிர்க்கும் உழுவார்க்கும் இல்லை. ஆகவே அதனை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. ஆயினும் அதில் ஒரு விதி உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவ்விதி இன்று இருந்தால் எத்தனை நாற்காலிகள் வெறுமையாகும்!

அண்மைக்காலத்துக்கு வருவோம். காமராசர் முதல்வராயிருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டு ஊராரே வாரி வழங்கினர். தாம் கொடுத்த மேசை எங்கே என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. இன்று வருவது அரசுப்பணம் என்று ஊர் வாளாவிருக்கிறது. அரசுக்கு அப்பணம் எங்கிருந்து வந்தது? நீங்கள் வாங்கும் சவர்க்காரத்திலும் வரி இருக்கிறதே!

மறு ஆண்டு நாங்கள் வேறு வழியில் சென்றோம். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். சென்ற ஆண்டு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி உரக்கப் படித்தோம். மேலிடத்துப் படிவத்தில் ‘உட்கட்டமைப்பு முன்னுரிமைகள்’ என்றிருந்தது. நல்ல தமிழ்தான், ஆனால் அத்தாய்க்கு அது விளங்கவில்லை. ஆங்கிலச் சொல்லை நீக்கி மற்றொரு பூட்டைப் போடுவது தமிழ்ப்பணி ஆகாது என்று அன்று உணர்ந்தேன். ‘எது முதலில் வேண்டும்?’ என்று மாற்றி எழுதினேன். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குத் தனியே சென்று கேட்டோம். ஊர்த்தெருவார் முன்னிலையில் அங்குள்ள பெண்கள் வாய்திறப்பதில்லை என்பது நாமறிந்த உண்மை.

ஒன்பது தேவைகளை மாணாக்கர் படமாக வரைந்தனர். ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டைகள். வேண்டும் படத்தின்மேல் இடுக என்றோம். எழுத்தறியாத பாட்டியும் தயங்காமல் இட்டார். கழிப்பறைக் கதவும் தண்ணீரும் முதலில் வந்தன. அடுத்துக் குடிநீர்க் குழாய். அடுத்துத் தாழ்வாரத்து உடைந்த படி. நூலகத்துக்கு நிலைப்பேழை வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதன்மேல் விழுந்தவை நான்கே கொட்டைகள். அவற்றுள் மூன்று நான் இட்டவை!

எனக்கு வருத்தந்தான். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ‘இவர்களைக் கேட்டிருக்கவே வேண்டா’ என்றுகூட ஒரு நினைவு எழுந்தது. முன்னர்ப் பட்டியலை எழுதி நீட்டியவரின் நெஞ்சிலும் இதே நினைவுதானே இருந்திருக்கும்? அதன்பின் அவர்மீது எனக்கிருந்த சினம் சற்றே குறைந்தது.

கதவு போட்டாயிற்று; தாழ்ப்பாளும் உண்டு. செலவுச் சீட்டின் படி பள்ளி வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. சந்தைக்குப் போவோர் நின்று படிக்கின்றனர். நூல்கள் இன்னும் என் மேசையடியில் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. இவ்வாண்டுக் கூட்டத்தில் நிலைப்பேழை மூன்றாமிடத்துக்கு ஏறியிருக்கிறது. அதன்மேல் முதற் கொட்டையை இட்டவர், தாழ்ப்பாள் கேட்ட அந்தத் தாய்.