ஆளுக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய்



வீடற்றவர் என்றதும் நம் மனதில் வருவது ரயில் நிலைய வாசலில் தனியாகச் சுருண்டு கிடக்கும் ஒரு முதியவர். வால்டாக்ஸ் சாலை, பாரிமுனைப் பக்கம் இரவில் நடந்து பாருங்கள். அங்கே இருப்பவை குடும்பங்கள். பாட்டி வளர்ந்த நடைபாதையிலிருந்தே பேத்தி பள்ளிக்குக் கிளம்புகிறாள். ஏன் இவர்களுக்கு நிலம் இல்லை என்று தோண்டினால் பெரும்பாலும் சாதியில்தான் போய் முட்டும். 1892இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அரசு இவர்களுக்குப் பணமே ஒதுக்கவில்லையா? ஒதுக்குகிறது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கென்று மானியம் வைத்தது. 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம், ஐந்து ஆண்டுகளுக்கு. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. பராமரிப்பவர் சம்பளம், கரண்ட் பில், துப்புரவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தத் துப்புரவு யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறு தொகையும் பல மாநிலங்களில் செலவாகாமல் கிடந்தது. 2016இல் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் உச்ச நீதிமன்றமே ஒரு குழு போட வேண்டி வந்தது.

இன்னொரு சிக்கல், காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றே பெரும்பாலும் நடக்கின்றன. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்க இடம் கிடைப்பது அரிது. குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு யார் உள்ளே போவார்கள்? பிறகு அதிகாரிகள் சொல்வார்கள்: “கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க.”

சரி, வீட்டுத் திட்டம்? 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தானே கட்டிக்கொள்பவருக்கு மானியம் உண்டு, சொந்த மனை இருந்தால். மனை இருந்தால் அவர் ஏன் நடைபாதையில் படுக்கிறார்? மனை இல்லாதவருக்கு அரசு காட்டிய வழி கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். ஒன்றிய அரசின் மானியத்தில் அடுக்குமாடி எழுந்தது, ஆனால் பூக்கடையில் மூட்டை தூக்குகிறவருக்கு வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. நகரத்தின் நடுவே இருந்த தலித் மக்களை விளிம்பில் கொண்டுபோய் அடுக்கியதை நான் சேரி மாற்றம் என்பேன். வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

2024இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அந்த நிதியில் நடைபாதைக் குடும்பங்களுக்கு, அவர்கள் வேலை செய்யும் பகுதியிலேயே வீடு கட்ட எவ்வளவு என்று கேட்போம்.

கேட்பதற்கு இடம் உண்டு. பகுதி சபையில் உட்கார வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவர்களையும் பட்டியலில் சேர்க்கத் தேர்தல் ஆணைய விதி இடம் தருகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர்கள் அங்கேதான் தூங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த இரவில் அலுவலரோடு நம் தோழர்களும் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் இருக்கும் தோழரிடம் பெயர் கொடுங்கள்.