சமவெளியில் ஓர் ஊர்: கன்சாஸின் கிரகாம் மாவட்டம்



ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படத்தை விரித்து, இரு கடற்கரைகளுக்கும் ஏறக்குறைய நடுவே நோக்கினால், கன்சாஸ் என்னும் மாநிலம் தென்படும். அது 105 மாவட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் வடமேற்குப் பகுதியிலே அமைந்த ஒன்று கிரகாம் மாவட்டம். பக்கம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முப்பது மைல் நீளமுள்ள சதுரம் அது. பரப்பு 900 சதுர மைல் அளவினது. மலையும் கடலும் வகுத்த எல்லை அன்று. அளவைகாரர் நூல் பிடித்துக் கீறிய எல்லை.

சொலமன் ஆற்றின் தென்கிளை இம்மாவட்டத்தினூடே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடுகின்றது. அதன் கரையை ஒட்டியே மரங்களைக் காணலாம். ஏனைய இடமெல்லாம் புல்வெளியும் வயலுமே. மழை குறைவு. கோடையிலே அனற்காற்றும், மாரியிலே பனிப்புயலும் வீசும். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமையை மறு கோடையில் அறுப்பது இங்குள்ள கமக்காரரின் வழக்கம். கால்நடை வளர்ப்பும் உண்டு. பிற்காலத்திலே எண்ணெய்க் கிணறுகளும் தோண்டப்பட்டன.

முன்னாளிலே செயென், பவ்னி முதலிய பழங்குடி மக்கள் காட்டெருமைகளை வேட்டையாடித் திரிந்த நிலம் இது. அவர்கள் அகற்றப்பட்டபின், 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கியிருந்து பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் காணியை உரிமையாக்கிற்று. அக்காணியை நாடி வந்தவர்களுள், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களும் இருந்தனர். அவர்கள் அமைத்த நிக்கோடிமஸ் என்னும் ஊரே இம்மாவட்டத்துக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்று, அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்றவனுக்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. நேற்றைய எசமானின் வயலிலே இன்று வாரக்குடியாக நிற்பவன் எங்ஙனம் தலைநிமிர்வான்? இந்நிலையில், 1877ஆம் ஆண்டில், கறுப்பினப் போதகராகிய டபிள்யூ. எச். சிமித் என்பவரும், காணி வியாபாரியாகிய டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரும் கூடி, நிக்கோடிமஸ் நகரத்துக்குத் திட்டமிட்டனர். செழிப்பான பூமி என்று துண்டுப் பிரசுரங்கள் கூறின. கென்டக்கி மாநிலத்திலிருந்து முந்நூறு பேரளவில் அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலே புறப்பட்டனர். எல்லிஸ் என்னும் ஊர்வரை புகையிரதத்தில் வந்து, அதற்கப்பால் முப்பது மைலுக்கு மேலான தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர்.

வந்தவர்கள் கண்டது என்ன? அடுத்த ஆண்டு இளவேனிலிற் கணவரோடு வந்த வில்லினா ஹிக்மன் என்னும் பெண்மணி அதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஊர் எங்கே என்று அவர் வினவ, உடன் வந்தோர் சுட்டிக் காட்டிய திசையிலே வீடு ஒன்றும் இல்லை. தரையிலிருந்து புகைமட்டும் எழுந்துகொண்டிருந்தது. மரமில்லாத நாட்டிலே மக்கள் மண்ணைக் குடைந்து, அதனுள்ளே குடியிருந்தனர். அதனைக் கண்ட அவர் அழுதுவிட்டார்.

வந்தவருட் பலர் மனமுடைந்து திரும்பினர். எஞ்சியோர் முதல் மாரியைப் பெரும் வறுமையிலே கழித்தனர். வேட்டை முடிந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் தம் இறைச்சியைப் பகிர்ந்தளித்தனர் என்பது ஊரார் வழிவழி கூறிவரும் செய்தி. நிலம் இழந்தவர், நிலம் தேடி வந்தவருக்கு உணவளித்தனர்! உழவு மிருகங்களும் கலப்பைகளும் அரிதாயிருந்த அந்நாளிலே, மண்வெட்டியாற் கொத்தி முதற் பயிரை விதைத்தனர்.

சில ஆண்டுகளுள் ஊர் தலையெடுத்தது. தேவாலயங்கள், பாடசாலை, விடுதி, கடைகள் தோன்றின; இரண்டு புதினப் பத்திரிகைகளும் வெளிவந்தன. 1878இல் இங்குக் குடியேறிய எட்வேட் மக்கேப் என்பவர் மாவட்ட எழுதுவினைஞராகி, 1882ஆம் ஆண்டுத் தேர்தலிலே கன்சாஸ் மாநிலக் கணக்காய்வாளராகத் தெரிவு செய்யப்பட்டார். மாநிலம் முழுவதும் வாக்களித்து ஒரு கறுப்பினத்தவரை அத்தகைய பதவியில் அமர்த்தியமை, அந்நாளிற் பெருஞ் செய்தியன்றோ!

ஆயின், புகையிரதப் பாதை வந்தாலன்றி நகரம் வளராது என்பது அக்கால நியதி. பாதைக்காக ஊரார் தம்மீது கடன் சுமக்கவும் வாக்களித்தனர். எனினும் 1888ஆம் ஆண்டிலே பாதை ஆற்றின் தென்கரையோடு போய்விட்டது. அங்கே போக் என்னும் புதிய ஊர் எழுந்தது. வணிகர் பலர் தம் கடைகளை அங்கு மாற்றினர். பத்திரிகைகளும் நின்றன. மாவட்டத்தின் தலைநகராக விளங்குவதோ, காணி வியாபாரியின் பெயர் தாங்கிய ஹில் சிற்றியே.

1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் மேலும் பலரை வெளியேற்றின. 1953இல் நிக்கோடிமஸ் தபாலகம் மூடப்பட்டது. இத்தேய்வு ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1910இல் 8,700 பேர் வாழ்ந்த மாவட்டத்தில், 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 2,415 பேரே வாழ்ந்தனர். பத்துக் குடும்பங்கள் செய்த கமத்தை, இயந்திரங்களின் துணையோடு இன்று ஒரு குடும்பம் செய்கின்றது. வேலையில்லாத இளைஞர் நகரங்களை நாடுகின்றனர். நிக்கோடிமஸ் ஊரில் அவ்வாண்டு எண்ணப்பட்டோர் பதினால்வரே.

பதினால்வர் வாழும் ஊரை அழிந்த ஊர் எனலாமா? ஆண்டுதோறும் சூலை மாத இறுதியிலே, விடுதலைத் திருநாளைக் கொண்டாடுவதற்கு, அங்கு முதலிற் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தொலைநகரங்களிலிருந்து திரும்புகின்றனர். வழிபாடு, ஊர்வலம், விருந்து என அச்சிற்றூர் சில நாட்கள் நிறைந்துவிடுகின்றது. முதியோர் மண்குடில்களின் கதையைக் கூற, சிறுவர் கேட்கின்றனர். 1996ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கி, இரு தேவாலயங்கள், பாடசாலை, விடுதி, ஊர் மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்களைப் பேணத் தொடங்கியது. அரசு பேணுவதற்கு முன்னர் நூறாண்டுக்கு மேலாக அவ்வூரைப் பேணியவர்கள் அதன் மக்களே.

புகையிரதம் விலகிச் சென்றது, மழை பொய்த்தது, குடிசனமும் குறைந்தது. எனினும், அன்று தரையிலிருந்து எழுந்த புகையைக் கண்டு அழுத பெண்மணி திரும்பிப் போய்விடவில்லை. அங்கேயே குடியிருந்து ஊரை ஆக்கினார். அவர் போன்றோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் வழிதேடி வருகின்றனர்; வருவோர் உள்ளவரை அவ்வூரும் உண்டு.