சிப்பாய்க்குத் தடை உண்டு, சிப்பாயின் சரக்குக்கு?
(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஒரு கடைக்காரரிடம் ஒருவர் வந்து, "பாய், பத்து மூட்டை சரக்கு இலவசமாகத் தருகிறேன். வண்டிக்கூலி மட்டும் உங்களுடையது. ஆனால் ஒரு வருடத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று சொன்னால் என்ன நடக்கும்? தேவை இருக்கிறதோ இல்லையோ, வாங்கிப் போட்டு விடுவார். வாங்கிய பிறகுதான் அதற்கு ஒரு தேவையைத் தேடுவார். சரக்கு அரிசி மூட்டையாக இருந்தால் நஷ்டம் அவரோடு போகும். அதுவே போர்க்களத்து வண்டியாகவும் துப்பாக்கியாகவும் இருந்தால்?

அமெரிக்காவில் நடந்து வருவது இதுதான், சகோதரர்களே!

அந்த நாட்டில் 1878ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. 'பாஸி காமிடேட்டஸ்' சட்டம் என்று பெயர். அரசியல் சட்டமோ நாடாளுமன்றமோ தெளிவாக அனுமதித்தால் அன்றி, உள்நாட்டில் சட்டத்தை அமல்படுத்தும் வேலைக்கு இராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் அது சிப்பாயைத்தான் தடுத்தது; சிப்பாயின் சரக்கைத் தடுக்கவில்லை.

1981இல் இராணுவம் தன் தளவாடங்களையும் தகவல்களையும் காவல்துறையோடு பகிர்ந்து கொள்ள வழி செய்யும் சட்டம் வந்தது. 1990 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில், போதைப் பொருள் ஒழிப்புக்காக உபரித் தளவாடங்களைக் கொடுக்கலாம் என்றார்கள். 1996இல் அந்த வாசல் இன்னும் அகலமாகத் திறக்கப்பட்டு, எல்லாக் காவல் அமைப்புகளுக்கும் கொடுக்கலாம் என்றானது. சட்டத்தின் 1033ஆம் பிரிவு என்பதால் அதற்கு '1033 திட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதுவரை 700 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள பொருட்கள் இந்த வழியில் கைமாறியுள்ளன.

நியாயமாகப் பேச வேண்டும். இதில் பெரும்பகுதி மேசை, நாற்காலி, போர்வை, ஜெனரேட்டர், முதலுதவிப் பெட்டி போன்றவைதான். காவலர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட்டில் இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் கவச உடையோடும் தானியங்கித் துப்பாக்கிகளோடும் வந்தார்கள். காவலர்களின் கைத்துப்பாக்கிக் குண்டுகள் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. பக்கத்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்குப் போய் ரைபிள்களை வாங்கி வந்தார்கள்! இதை மறைத்துவிட்டுப் பேசினால் நாம் நீதியாகப் பேசியவர்கள் ஆக மாட்டோம்.

ஆனால் கொள்ளையனுக்கென்று வாங்கிய ஆயுதம் யார் பக்கம் திரும்பியது?

2014 ஆகஸ்ட் 9. மிசௌரி மாநிலம் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர், கையில் ஆயுதம் இல்லாதவர், காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதி கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் எதிரே நின்றவை கவச வண்டிகள். வண்டியின் மேல் அமர்ந்து, மக்கள் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியைக் குறிபார்த்துக் கொண்டிருந்த காவலரின் படத்தை உலகமே பார்த்தது. அது போர்க்களமா? அங்கே நின்றவர்கள் எதிரி நாட்டவரா? அந்தக் காவலருக்குச் சம்பளம் கொடுக்கும் வரிப்பணம் யாருடையது?

அந்த ஆண்டில்தான் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிக்கூட மாவட்டத்தின் காவல்துறையிடம் கிரனேடு லாஞ்சர்கள் மூன்று இருந்தனவாம். சான் டியாகோ பள்ளிக்கூட மாவட்டத்திடம் கண்ணிவெடியைத் தாங்கும் 'எம்ராப்' வண்டி ஒன்று! எதிர்ப்பு எழுந்த பிறகு அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் எந்தக் கண்ணிவெடிக்கு அந்த வண்டி?

பிறகு ஒபாமா 2015இல் உத்தரவு போட்டார். சங்கிலிச் சக்கரக் கவச வண்டி, கிரனேடு லாஞ்சர், துப்பாக்கிமுனைக் கத்தி ஆகியவை கூடாது. வேறு சிலவற்றுக்குக் காரணம் எழுதிக் கொடுத்து, பயிற்சியும் பெற வேண்டும் என்றார். கொடுத்தவற்றில் பலவற்றைத் திரும்பப் பெற்றார்கள். 2017 ஆகஸ்டில் டிரம்ப் ஒரு கையெழுத்தில் அத்தனையையும் ரத்து செய்தார். 2022 மே மாதம் பைடன் மறுபடியும் கட்டுப்பாடு போட்டார். 2025 ஜனவரியில் பதவிக்கு வந்த அன்றே டிரம்ப் அதையும் ரத்து செய்தார். அதே ஏப்ரலில், உபரி இராணுவத் தளவாடங்களை உள்ளூர்க் காவல்துறைகளுக்கு இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

கவனியுங்கள் இளைஞர்களே! ஒரு மனிதரின் பேனா கொடுத்த பாதுகாப்பை இன்னொரு மனிதரின் பேனா எடுத்துவிடும்.

எது நிலைத்தது தெரியுமா? 2021 ஜனவரி 1 அன்று, டிரம்பின் வீட்டோவையும் மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. துப்பாக்கிமுனைக் கத்தி, கையெறி குண்டுகள், ஆயுதம் பொருத்திய சங்கிலிச் சக்கர வண்டி, ஆயுதம் தாங்கிய ட்ரோன் ஆகியவற்றைக் காவல்துறைக்குத் தரக் கூடாது என்றது அது. சத்தமும் ஒளியும் எழுப்பித் திகைக்க வைக்கும் குண்டுகளுக்கு மட்டும் விலக்கு. பட்டியல் சிறியதுதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏறியதால், தனியொருவரின் கையெழுத்தால் அதை அழிக்க முடியாது.

வணிகப் பெருமக்களே! இப்போது கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு ஒரு சோதனை செய்தது. இல்லாத ஒரு காவல் அமைப்பின் பெயரில் விண்ணப்பம் போட்டது. இரவில் பார்க்கும் கண்ணாடி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள், 12 லட்சம் டாலர் மதிப்புள்ளவை, கையில் வந்து சேர்ந்தன! நீங்கள் முகம் தெரியாதவருக்கு ஒரு மூட்டை சீனியைக் கடன் கொடுப்பீர்களா? ஆயுதம் அமானிதம். அமானிதத்திற்குப் பேரேடு வேண்டும்.

கலிஃபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம் இந்த வழியில்தான் போகிறது. இராணுவ வகைத் தளவாடம் வாங்குவதற்கும் பயன்படுத்துவதற்கும் முன்னால், எதற்காக, எப்படி, என்ன செலவில் என்று காவல்துறை எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நகர மன்றம் போன்ற மக்கள் பிரதிநிதிகள் திறந்த கூட்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஆண்டுதோறும் இருப்பு எவ்வளவு, எங்கே பயன்பட்டது, என்ன புகார் வந்தது என்று அறிக்கை தர வேண்டும். குறை கண்டால் மன்றம் அனுமதியை மறுக்கலாம். இதில் இன்னொரு நன்மை உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மானியப் பணத்தில் வாங்கினாலும், கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் இந்த விதி பொருந்தும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போடவில்லை.

ஆனால் அந்தத் திறந்த கூட்டத்திற்கு யாருமே போகாவிட்டால்? நாற்காலிகள் காலியாக இருக்கும். தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறும். சட்டம் தாளிலேயே தூங்கும்.

ஆகவே சகோதரர்களே, எந்த ஊரில் இருந்தாலும் அதிகாரத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதை யாரிடம் கேட்டு வாங்கினீர்கள்? எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? போன வருடக் கணக்கு எங்கே? கல்லெறிய வேண்டாம், கூச்சலிட வேண்டாம். கூட்டத்திற்குப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள்.