உகாண்டா சட்டமும் அயல் சர்க்கார்களும்



ஆப்பிரிக்காவில் உகாண்டா என்கின்ற நாட்டில் 2023-ஆம் வருஷம் மே மாதம் ஒரு சட்டம் செய்தார்கள். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் கூடினால் ஆயுள் சிறை. சில சந்தர்ப்பங்களில் தூக்கு. இவர்கள் திருடினார்களா? பிறர் குடியைக் கெடுத்தார்களா? ஒன்றுமில்லை. கேட்டால் கடவுளுக்கு விரோதம் என்கிறார்கள். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குப் போலீசும் தூக்குக் கயிறும் எதற்கு என்று கேட்டால் மாத்திரம் பதில் வருவதில்லை.

அயல் நாட்டார் கண்டித்தால், "இது எங்கள் உள்நாட்டு விவகாரம், எங்கள் கலாசாரம்" என்கிறார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவனும் அப்படித்தான் சொல்லுகிறான். அது கிடக்கட்டும், இது யாருடைய கலாசாரம்? வெள்ளைக்காரன் 1860-இல் நம் நாட்டுப் பீனல் கோடில் 377-ஆவது பிரிவாக இதைக் குற்றமென்று எழுதிவைத்தான். அதே சரக்கைத்தான் ஆப்பிரிக்காவிலும் இறக்கினான். 2009-இல் அமெரிக்கப் பாதிரிகள் கம்பாலாவுக்குப் போய் இந்த ஜனங்களுக்கு விரோதமாகப் பிரசங்கம் செய்தார்கள். ஆகவே சட்டத்தின் மூலம் லண்டன், பிரசங்கம் அமெரிக்கா. கண்டனம் ஒன்றுதான் அந்நியமாம்! பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த தெரசா மே அம்மையார் 2018-இல் இச்சட்டங்களுக்காக வருத்தம் தெரிவித்தார். அதோடு சரி.

கண்டித்தவர்களின் காரியத்தையும் பார்க்க வேண்டாமா? 2014-இல் இதே மாதிரிச் சட்டம் வந்தபோது உலக வங்கி 9 கோடி டாலர் கடனை நிறுத்தி வைத்தது. அந்தப் பணம் எதற்கு? பிள்ளைப்பேற்று வைத்தியத்திற்கு! சட்டம் செய்தவன் பார்லிமெண்டில் சுகமாயிருக்க, தண்டனை பிரசவ ஆசுபத்திரிக்கா? அந்தப் பழி யார் தலையில் விழும்? ஏற்கெனவே ஒளிந்து வாழுகிற அந்த மனிதர்கள் தலையில்தான். இக்கொடுமையில் சம்பந்தப்பட்டவர்களை எங்கள் நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அமெரிக்கா சொன்னதே, அது எவ்வளவோ மேல். அந்த 2014 சட்டத்தைக் கோர்ட்டு தள்ளிற்று. அநியாயம் என்பதற்காக அல்ல. ஓட்டெடுத்தபோது சபையில் தலை குறைந்ததற்காக! 2023-இல் உலக வங்கி புதுக் கடனை மறுபடி நிறுத்தியது. 2025-இல் மறுபடி கொடுக்க முன்வந்தது. சட்டமோ போகவில்லை. 2024-இல் கோர்ட்டு சில பிரிவுகளை வெட்டிவிட்டுத் தூக்கை அப்படியே விட்டுவிட்டது.

மலாவி நாட்டில் 2010-இல் கலியாண நிச்சயம் செய்துகொண்ட இருவருக்கு 14 வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். ஐக்கிய நாடுகள் சபைக் காரியதரிசி பான் கி மூன் நேரில் போய் ஜனாதிபதியிடம் பேசினார். அன்றைக்கே மன்னிப்பு வந்தது. சட்டம் மாறவில்லை என்றாலும் இரண்டு உயிர்கள் வெளியே வந்தன.

நம் சர்க்கார் என்ன செய்தது? இந்த ஜனங்களுக்கு நடக்கும் கொடுமையை விசாரிக்க ஒரு நிபுணரை நியமிக்கலாமா என்று 2016-இல் ஜெனிவாவில் ஓட்டெடுத்தார்கள். 23 பேர் சரி என்றார்கள், 18 பேர் கூடாது என்றார்கள், 6 பேர் ஒரு பக்கமும் சேரவில்லை. அந்த ஆறில் இந்தியா ஒன்று. அப்போதாவது 377 இங்கே உயிரோடு இருந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு வயது வந்தோர் சம்மதத்தோடு கூடுவது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019-இல் மறுபடி ஓட்டு வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று, ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிற பார்லிமெண்டு மெம்பரைக் கேளுங்கள் தோழர்களே!