மீன் இல்லாத நாசி கண்டார்

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் வாடகை அறை எடுத்து, குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறும் வெளிநாட்டு மாணவர் ஒருவர், நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையில் "அண்ணே, மீன் வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்துங்க" என்கிறார். மாதக் கடைசி என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

இங்கே விலைவாசி ஏறும்போதே சொந்த நாட்டுப் பணத்தின் மதிப்பும் சரிந்தால், பட்ட காலிலேயே படும். உதாரணமாக, 2022 மார்ச் தொடக்கத்தில் 1,000 ரிங்கிட்டுக்கு இலங்கைப் பெற்றோர் வங்கி விலையில் கொடுத்தது 50,000 ரூபாய்க்கும் குறைவு. மே மாதத்தில் அது 80,000-ஐத் தாண்டியது.

"பகுதிநேர வேலை பார்க்கலாமே?" என்பீர்கள். மாணவர் விசாவில் வந்தவர்கள் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில்தான், வாரம் 20 மணி நேரம் வரை, உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களில் வேலை செய்யலாம். அதற்கும் பல்கலைக்கழகம் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வேண்டும். பாடம் நடக்கும் மாதங்களில் கைகொடுப்பது வீட்டுப் பணம் மட்டுமே. அது தாமதமானால் முதலில் சாப்பாடு குறையும், பிறகு தூக்கம், கடைசியில் மதிப்பெண்.

எனவே மாணவர்களே, கல்விக் கட்டணத் தேதி தாண்டும்வரை காத்திருக்காதீர்கள். மாணவர் விவகாரப் பிரிவில் முன்கூட்டியே சொல்லி, தவணை உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.