ஜப்பானில் பத்து நாட்கள்: கண்டதும் கற்றதும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இக்கழகத்தின் மாலை வகுப்பில் பாய்மீது அமர்ந்து எழுத்துக் கற்றவன் நான். அதே கழகத்தின் வெள்ளி விழா மேடையில் நின்று பேசும் பேறு வாய்த்தமைக்குப் பெரிதும் மகிழ்கின்றேன். சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையிலிருந்து இரண்டு பேராசிரியர்களும் பன்னிரண்டு மாணவர்களும் பத்து நாட் கல்விப் பயணமாக ஜப்பான் சென்று வந்தோம். அதனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் ஐயா பணித்தார்கள். அந்நாட்டின் அதிவேக இரயில்களையும் வானளாவும் கட்டடங்களையும் நீங்கள் படங்களில் கண்டிருப்பீர்கள். படங்களில் வாராத ஒரு ஜப்பானைப் பற்றியே நான் சொல்ல விழைகின்றேன்.

தொழில்வளத்தில் உலகம் வியக்கும் அந்நாட்டிலும் பிறப்பினால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. அவர்களைப் புராக்குமின் என்பர். இறந்த கால்நடைகளை அகற்றுதல், தோல் பதனிடுதல் முதலிய தொழில்களைச் செய்தவர்தம் வழித்தோன்றல்கள் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம்! 1871-ஆம் ஆண்டில் அரசாணை ஒன்று அவர்களுக்கு இட்டிருந்த இழிபெயர்களை ஒழித்தது. ஆயினும் இழிவு ஒழியவில்லை. பள்ளியிலும், வேலையிலும், திருமணத்திலும் அது தொடர்ந்தது.

முகத்தாலோ மொழியாலோ அம்மக்களைப் பிரித்தறிய இயலாது. ஆகவே ஊர்ப்பெயரைக் கொண்டு அறிந்தனர். அம்மக்கள் வாழும் ஊர்களைப் பட்டியலிட்ட நூல்களைப் பல நிறுவனங்கள் மறைவாக வாங்கி வைத்திருந்த செய்தி 1975-இல் வெளிப்பட்டது. வேலை கேட்டு வருபவன் எங்கே பிறந்தவன் எனப் பார்த்து விலக்குவதற்கே அந்நூல்கள்! "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்னும் கேள்விக்குப் பழகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

நாரா மாநிலத்துக் கோசே நகரில் உள்ள சுயிஹெய்ஷா அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். நீரின் மட்டம்போல் மேடுபள்ளமற்ற சமநிலையை நாடும் சங்கம் என்பது அப்பெயரின் கருத்து. 1922 மார்ச் 3-ஆம் நாள் கியோட்டோ நகரில் அம்மக்களே கூடி நிறுவிய இயக்கம் அது. பள்ளியில் தாம் பட்ட அவமானத்தை அத்தொடக்க மாநாட்டில் எடுத்துரைத்து அவையோரைக் கலங்கச் செய்தவர் யமதா கோனோஜிரோ என்பவர். அப்போது அவருக்கு வயது பதினாறு.

அங்கே எங்களைச் சந்தித்த மாணவி ஒருத்தி, "உங்கள் குழுவில் அவ்வாறு ஒதுக்கப்பட்டோர் எவரேனும் உளரா?" என்று மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டாள். எவரும் வாய் திறக்கவில்லை. என் நிலையை ஒளிக்காமல் சொல்கின்றேன். விடுதியில் இரண்டாண்டுக் காலம், ஊர் எதுவென்று கேட்டோருக்கெல்லாம் அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்லித் தப்பி வந்தவன் நான். பதினாறு வயதுப் பிள்ளை மாநாட்டில் பேசியதை அறிந்த பின்னரும் வாளாவிருக்க என் மனம் இடந்தரவில்லை. "நான் இருக்கிறேன்" என்று எழுந்து, நம் ஊரின் பெயரையும் நம் தெருவின் பெயரையும் சொன்னேன். உடன் வந்தோருள் ஒருவர் அன்று முதல் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இன்னொரு நண்பர் இரவு என் அறைக்கு வந்து, தாமும் நம்மவரே என மெல்லிய குரலில் சொன்னார். மறைத்து வாழ்வோரை நான் பழிக்க மாட்டேன். மறைக்க வைக்கும் சமுதாயமே பழிக்குரியது.

அடுத்து ஷிகோக்குத் தீவிலுள்ள கோச்சி நகருக்குச் சென்றோம். அந்நகரின் நாகஹாமா பகுதியில் கூலி வேலை செய்த புராக்குமின் தாய்மார்கள் ஆசிரியர்களுடன் கூடி அரசமைப்புச் சட்டத்தைப் படித்தனர். கட்டாயக் கல்வி இலவசமாக இருத்தல் வேண்டும் என அதன் 26-ஆவது பிரிவு கூறுகின்றது. "அவ்வாறாயின் ஒருநாட் கூலிக்கு மேல் கொடுத்து நாங்கள் பாடநூல் வாங்குவது ஏன்?" என்று 1961-இல் அவர்கள் கேட்டனர். நூல்களை வாங்க மறுத்தனர். நகராட்சி பணமில்லை என்றது. பிள்ளைகள் நூலின்றியே பள்ளி சென்றனர். ஆசிரியர்கள் பாடங்களைப் படியெடுத்துக் கொடுத்துக் கற்பித்தனர். அக்குரல் நாடெங்கும் பரவியது. 1962, 1963-ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் பிறந்தன. 1963-இல் முதல் வகுப்பில் தொடங்கி, 1969-க்குள் ஒன்பது வகுப்பு மாணவர் அனைவர்க்கும் இலவசப் பாடநூல் கிடைத்தது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! ஒதுக்கப்பட்ட தாய்மார்கள் கேட்டதனால் அவர்களை ஒதுக்கியவர்களின் பிள்ளைகளுக்கும் நூல் கிடைத்தது. இன்று அந்நாட்டில் பாடநூலைக் கையில் பெறும் குழந்தைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

நமது அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது. 2002-இல் சேர்க்கப்பட்ட 21-அ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. இவற்றை நம் தாய்மார்களுள் எத்தனை பேர் படித்திருக்கின்றனர்? ஆதலின் இவ்விழாவில் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நம் மாலை வகுப்பில் வாரம் ஒருநாள் தாய்மார்களுக்காக ஒதுக்கி, அரசமைப்புச் சட்டத்தை அவர்களோடு அமர்ந்து படிப்போம். அவ்வகுப்பை நடத்தும் பொறுப்பை நானே ஏற்கின்றேன். என்னோடு அப்பணியில் இணைய விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்.