நோய் தீர்ந்தும் தீராத சிறை



குற்றம் செய்தவனுக்குச் சிறை, நோயுற்றவனுக்கு மருத்துவமனை. இஃது எவரும் அறிந்த நீதி. நோயின் பிடியிலே குற்றம் புரிந்தவனுக்கு எது? தன் செயல் இன்னதென்றோ, அது தவறென்றோ அறியும் ஆற்றலை மனநோயால் இழந்தவன் குற்றவாளி ஆகான் என்றது, 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்நெறியையே ஏற்றுள்ளது. வழக்காடும் தெளிவு அற்றவனுக்கு, தெளிவு வரும்வரை விசாரணை தள்ளிவைக்கப்படும். அவன் மருத்துவமனைக்கு அனுப்பப்படலாம்.

நல்ல சட்டந்தான். ஆனால், நோய் தீர்ந்த பின்?

அசாமிலே பழங்குடி இளைஞர் ஒருவர் 1951இல் கைதானார். விசாரணை நடக்கவில்லை. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். குணமடைந்தார் என்று 1967இல் மருத்துவர்கள் சான்றளித்தனர். வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை, குவாஹாட்டி சிறைக்கு அனுப்பினார்கள்! 2005இல் வெளியே வந்தபோது, உள்ளே கழிந்தவை 54 ஆண்டுகள். அவற்றுள் 38 ஆண்டுகள், குணமடைந்த பின் கழிந்தவை! தண்டித்த நீதிபதி எவருமில்லை. தண்டனை மட்டும் இருந்தது.

இதற்கு முன்பே, 1982இல், பீகாரின் ஹசாரிபாக் சிறையில் தெளிவு பெற்றும் அடைபட்டுக் கிடந்தோரை விடுவிக்க ஆணையிட்டது உச்சநீதிமன்றம். ஆயினும், அசாமின் கதவு திறக்க மேலும் 23 ஆண்டுகள் ஆயின.

"இவர்களை வெளியே விட்டால் ஊருக்குப் பாதுகாப்பு ஏது?" என்பர் சிலர். அஞ்சுவது இயல்பு. துன்புற்ற குடும்பத்தின் கண்ணீரும் பொய்யன்று. ஆனால் பாதுகாப்பைத் தருவது பூட்டா, மருந்தா? மருந்தின்றிப் பூட்டப்பட்டவனின் நோய் முற்றும். மருந்தும் கண்காணிப்பும் பெற்றவனின் நோய் தணியும். நோயைத் தணிப்பதே ஊருக்கும் காவல்!

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. மாநிலந்தோறும் ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு வேண்டும். தம் சிறையில் மனநோயாளி எவருமில்லை என்று சிறை மருத்துவர் காலாண்டுதோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். இருப்பின், "ஏன் மருத்துவமனைக்கு அனுப்பவில்லை?" என்று வாரியம் கேட்கலாம்.

அந்தக் கேள்வி மருத்துவமனையின் வாயிலிலும் ஒலிக்க வேண்டும். "குணமடைந்தார்" என்று மருத்துவர் எழுதிய தாள் எந்த நாளில் நீதிமன்றம் சேர்ந்தது? எந்த நாளில் விடை வந்தது? இந்த இரு நாட்களுக்கும் கணக்குக் காட்டுக என்று அரசைக் கேட்போம். மருத்துவமனைக்குள் நுழைய ஒரு கதவு உண்டெனில், வெளியேறவும் ஒரு கதவு உண்டு. அது துருப்பிடிக்காமல் காப்பது நம் கடன்!